கரண்ட் போன நாளும் பதினோரு முட்டையும்

செம்பி என்ற கோழிக்கு அன்று அடைக்கு உட்கார்ந்த இருபதாம் நாள். வயிற்றுக்கு அடியில் பதினோரு முட்டைகள். கூடைக்கு நேர் எதிரே, நாலடி தூரத்தில், ஒரு பாம்பு.

எந்தக் கோழியாவது இப்படி ஓர் இடத்தில் அடைக்கு உட்காருமா என்று நீங்கள் கேட்கலாம். செம்பியும் முதல் நாளே அதைத்தான் கேட்டது. கொக்கரித்துக் கேட்டது, கையைக் கொத்திக் கேட்டது. வீட்டுக்கார சவரியம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அது மலைமேல் இருந்த வீடு. பின்வாசலைத் தாண்டினால் சோலைக்காடு. சவரியம்மா பள்ளிக்கூட டீச்சர், தனியாள். ஜனங்கள் ஆசைப்பட்டு வாங்கி, ஆசை தீர்ந்ததும் கைவிட்ட பிராணிகளை எடுத்து வந்து வைத்துக்கொள்வது அவர் வழக்கம். அப்படி வந்து சேர்ந்தவைதான் பின்னறையில் இருந்த இரண்டும். ஒன்று மரகதம். பச்சைப் பசேலென்று, முதுகு நெடுகச் சீப்புப் பல் வைத்த வெளிநாட்டு ஓணான். மற்றொன்று பட்டு. மலைப்பாம்பு ஜாதிதான், ஆனால் ஒரு கைத்தடி நீளத்துக்கு மேல் வளராத வகை.

இரண்டுமே வெயில் நாட்டுப் பிராணிகள். மலைக் குளிர் ஆகாது. அதனால் மரகதத்தின் கூண்டுக்கு மேலே எந்நேரமும் ஒரு பெரிய பல்பு எரிந்துகொண்டிருக்கும். பட்டுவின் கண்ணாடிப் பெட்டிக்கு அடியில் கரண்டில் சுடும் ஒரு தகடு இருக்கும். அந்த வீட்டிலேயே கதகதப்பான அறை அதுதான்.

செம்பியை அங்கே கொண்டுவந்து வைத்ததற்கும் அதுதான் காரணம். போன மார்கழியில் அது வெளியே கோழிக்கூண்டில் அடைக்கு உட்கார்ந்தது. ஒன்பது முட்டை. பனியும் காற்றும் கூண்டுக்குள் புகுந்து ஒன்பதும் கூழ்முட்டையாகப் போயின. நாள் கடந்த பிறகும் செம்பி எழுந்திருக்கவில்லை. கடைசியில் சவரியம்மாதான் அதைத் தூக்கி வெளியே விட்டுக் கூடையைக் காலி செய்தார். இந்தத் தடவை ஒரு குஞ்சாவது கண் திறக்க வேண்டும். உலகத்தில் அதற்கு வேறு ஆசை கிடையாது.

அந்த ஆசைக்காகத்தான் பாம்பைச் சகித்துக்கொண்டது. சகித்தது என்றால், ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்கியது. பட்டுவோ எந்நேரமும் பந்து மாதிரி சுருண்டு, தலையை உள்ளே செருகிக்கொண்டு கிடந்தது. பத்தொன்பது நாளில் ஒரு வார்த்தை பேசவில்லை. அது ஏதோ திட்டம் போடுகிறது என்று செம்பி முடிவு கட்டியிருந்தது.

அன்று காலை பெரிய காற்று. சவரியம்மாவுக்கு அரைப்பரீட்சை வேலை. குடையை எடுத்துக்கொண்டு மலையிறங்கிப் போனார். அவர் போய் ஒரு நாழிகை ஆகியிருக்கும். காட்டுப் பக்கம் ஏதோ முறிந்து விழுகிற சத்தம் கேட்டது. மரகதத்தின் பல்பு ஒரு தடவை மின்னி அணைந்தது.

காவல்நாய் கட்டையன் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தது. கால் குட்டையானதால் அந்தப் பெயர். மனசு பெரியது, அவசரம் அதைவிடப் பெரியது.

பெரிய மரம் ஒன்று கரண்ட் கம்பிமேல் சாய்ந்து, கம்பியோடு சேர்ந்து ரோட்டில் கிடக்கிறதாம். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரு வண்டி நகரவில்லையாம். கட்டையன் மூச்சு வாங்கிக்கொண்டே அத்தனையும் சொன்னது.

“அப்ப அம்மா எப்ப வரும்?” என்று செம்பி கேட்டது.

“தெரியலக்கா” என்றது கட்டையன்.

அதைக் கேட்டு மரகதம் மட்டும் கவலைப்படவில்லை. பல்பைத் தன் சூரியன் என்று நம்பிக்கொண்டிருந்த பிராணி அது. குட்டியிலிருந்து அந்த வெளிச்சத்தில்தான் வளர்ந்தது, வேறு சூரியனைச் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. சூரியன் எங்காவது அணையுமா, சும்மா கண்ணைச் சிமிட்டுகிறது என்று சொல்லிவிட்டு, அணைந்த பல்புக்கு நேர் கீழே கிளையில் பரந்து படுத்துக்கொண்டது.

வெளியே மஞ்சு மூட்டம் இறங்கியது. ஜன்னலில் காடு மறைந்தது, பிறகு வேலி மறைந்தது. அந்த அறையில் கடிகாரம் கிடையாது, இருந்தாலும் கோழிக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அலமாரியில் சவரியம்மாவின் தேங்காய் எண்ணெய் பாட்டில் இருந்தது. அந்த அறையின் சூட்டில் அது எப்போதும் தண்ணீர் போலத் தெளிவாக நிற்கும். கரண்ட் போன கொஞ்ச நேரத்தில் எண்ணெயின் அடியில் ஒரு கலங்கல் கண்டது. உச்சிப்பொழுது ஆனபோது பாதி பாட்டில் வெள்ளையாகிவிட்டது. அந்த வெள்ளை மேலே ஏற ஏற, செம்பிக்குப் பயமும் ஏறியது.

போன மார்கழியிலும் இப்படித்தான் தொடங்கியது. செம்பி இறகுகளை விரித்து, முட்டைகளை இன்னும் இறுக்கமாகப் பொத்திக்கொண்டது. அன்றைக்கு ஒரு முறை எழுந்து தீனி தின்ன வேண்டிய நேரம் வந்தது. அடைக்கோழி ஒரு நாளைக்கு ஒரே தடவைதான் எழும். அவசரமாகத் தின்று, அவசரமாகக் குடித்து, சூடு ஆறுவதற்குள் திரும்பி வந்துவிடும். அன்றைக்கு எழுந்திருக்கவே கூடாது என்று செம்பி தீர்மானித்தது. கதவு சந்தில் நுழைந்த காற்று அப்படிக் கடித்தது.

மத்தியானத்துக்குள் மரகதத்தின் பச்சை, சாம்பலாக மாறியிருந்தது. கண்கள் பாதி மூடியிருந்தன. கட்டையனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அது கூண்டுக் கதவின் கொக்கியை மூக்கால் தட்டித் திறந்து, மரகதத்தின் முன்னால் கீரைத் தண்டைப் போட்டது. மரகதம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தது. வாயைத் திறப்பதற்கே அதற்குச் சூடு வேண்டியிருந்தது.

உடனே கட்டையன் ஓடிப்போய்த் தன் கம்பளியை இழுத்து வந்தது. பழைய பழுப்புக் கம்பளி. ஓரத்தில் தீப்பட்ட ஓட்டை. கட்டையனுக்கு உலகத்தில் இருந்த ஒரே சொத்து அதுதான். எந்தக் குளிரிலும் அதற்குள் சுருண்டால் சற்று நேரத்தில் தேகம் கதகதவென்று ஆகிவிடும். அந்தச் சொத்தை அது முகம் சுளிக்காமல் கொடுத்தது என்பதை நாம் சொல்லத்தான் வேண்டும். மரகதத்தைத் தலையிலிருந்து வால் வரை மூடிவிட்டு, இன்னும் கொஞ்ச நேரத்தில் ஜம்மென்று ஆகிவிடும் பார் என்று பெருமையாக உட்கார்ந்துகொண்டது.

கொஞ்ச நேரம் ஆனது. அதற்கு மேலும் ஆனது. கம்பளிக்குள் ஓர் அசைவும் இல்லை.

பிறகு ‘தொப்’ என்று ஒரு சத்தம். மரகதம் கம்பளியோடு கிளையிலிருந்து உருண்டு கூண்டுத் தரையில் விழுந்தது. விழுந்த இடத்தில், விழுந்தபடியே, நாலு காலும் விறைத்துக் கிடந்தது.

கட்டையன் ஊளையிட ஆரம்பித்தது. “செத்துப்போச்சுக்கா! நல்லாத்தானே பொத்தி வச்சேன்!”

செம்பி கூடையில் உட்கார்ந்தபடியே கழுத்தை நீட்டிப் பார்த்தது. மரகதத்தின் தொண்டைத் தோல் ஒரு தடவை மெல்ல அசைந்தது. நீண்ட நேரம் கழித்து இன்னொரு தடவை அசைந்தது. உயிர் இருந்தது. ஆனால் போகிற வழியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதைத் தொட்டுப் பார்த்துச் சொல், உள்ளே எப்படி இருக்கிறது என்று செம்பி கேட்டது. கட்டையன் கம்பளிக்குள் மூக்கை விட்டுவிட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. வெளியே எத்தனை குளிரோ உள்ளேயும் அத்தனை குளிர். கட்டையனுக்கு ஒன்றும் புரியவில்லை. அதே கம்பளி, அதே ஓட்டை. தனக்கு மட்டும் சுடுகிறது, மரகதத்துக்கு ஏன் சுடவில்லை?

அடைகாக்காத ஜென்மங்களுக்கு அது சட்டென்று புரியாதுதான். செம்பிக்குப் புரிந்தது. இருபது நாளாக அதன் வயிற்றுக்கு அடியில் அதே பாடம்தானே நடந்துகொண்டிருந்தது!

“தம்பி, என் முட்டையக் கம்பளியில சுத்தி வச்சா குஞ்சு பொரிக்குமா?” என்றது செம்பி. “உன் ஒடம்புல அடுப்பு இருக்கு. கம்பளி அந்தச் சூட்டப் புடிச்சு வைக்குது, அவ்வளவுதான். இதுங்க ஒடம்புல அடுப்பு கெடையாது. சூடு வெளிய இருந்து வரணும். நீ உள்ள போய்ப் படு.”

கட்டையன் உடனே கூண்டுக்குள் தலையை விட்டது. மரகதத்தைக் கவ்வி மெதுவாக வெளியே இழுத்தது. அதைத் தன் வயிற்றோடு வயிறாக அணைத்துக்கொண்டு, கம்பளியை இரண்டு பேருக்கும் சேர்த்துப் போர்த்திக்கொண்டது. பனிக்கட்டியைக் கட்டிக்கொண்டது போல ஒரு நடுக்கம் நடுங்கியது. ஆனாலும் விலகவில்லை. நீண்ட நேரத்துக்குப் பிறகு கம்பளிக்குள் ஒரு சின்ன அசைவு தெரிந்தது. மரகதத்தின் வால் நுனி துடித்தது.

கட்டையன் சந்தோஷத்தில் வாலாட்டப் போய், கம்பளி விலகிவிடும் என்று செம்பி அதட்டவே, அடக்கிக்கொண்டது.

அப்போதுதான் செம்பியின் பார்வை எதிர்ப் பக்கம் போனது.

பட்டு எப்போதும் போல் பந்தாகத்தான் கிடந்தது. ஆனால் அந்தப் பந்து தளர்ந்திருந்தது. உள்ளே செருகியிருக்கும் தலை வெளியே நழுவி, கண்ணாடியில் சாய்ந்திருந்தது. பாம்புக்கு இமை கிடையாது என்பதால் அது தூங்குகிறதா, பார்க்கிறதா, செத்துவிட்டதா என்று சொல்ல முடியவில்லை.

செம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதன் மனதில் வந்ததை மறைப்பானேன்? போனால் போகட்டும் என்றுதான் முதலில் நினைத்தது. நாளைக்குக் குஞ்சுகள் வெளியே வரும். ஒரு பாம்பு குறைந்தால் ஒரு கவலை குறையும். தாயின் கணக்கு அது. தப்பென்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஆனால் திருப்பிய முகம் திருப்பிய இடத்தில் நிற்கவில்லை. குளிர்ந்துபோய் அசையாமல் கிடக்கிற ஒன்றைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது அடைக்கோழிக்கு வராத வித்தை. போன மார்கழியில் அந்த ஒன்பது முட்டைகளும் இப்படித்தான், ஒரு சத்தமும் போடாமல் குளிர்ந்து போயின.

“ஏய், கேக்குதா?” என்று செம்பி கூப்பிட்டது.

சாய்ந்திருந்த தலை கண்ணாடியில் அரை அங்குலம் நகர்ந்தது. பிறகு கண்ணாடிக்குப் பின்னால் இருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது. பத்தொன்பது நாளில் அது பேசிய முதல் வார்த்தை.

“கேக்குதுக்கா. கொத்திடாதீங்க.”

செம்பி திகைத்துப் போனது. பாம்பு தன்னைப் பார்த்துப் பயப்படுகிறது என்று அதற்குத் தோன்றியதே இல்லை. பட்டு திக்கித் திணறிச் சொன்னதைக் கேட்டபோது விஷயம் விளங்கியது. முதலில் அதை வைத்திருந்தவன் வீட்டில் ஒரு சேவல் இருந்ததாம். அது கொத்திய தழும்பு இன்னும் இருக்கிறதாம். அதனால்தான் கோழிக் கூடை வந்த நாளிலிருந்து தலையை வெளியே எடுக்கவில்லையாம்.

பயம் இரண்டு பக்கமும் இருந்தால் அது பாதியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். பயந்த பாம்புதான் கடிக்கும். செம்பிக்கு அதுவும் தெரியும். ஆனாலும் அது கட்டையனைக் கூப்பிட்டது.

சவரியம்மா அந்தப் பெட்டியைப் பூட்டுவதில்லை. பட்டு வெளியே வர ஆசைப்பட்டதே இல்லை. மரகதத்தைக் கம்பளிக்குள் சுருட்டி வைத்துவிட்டுக் கட்டையன் எழுந்து வந்து, கண்ணாடியைக் காலால் ஒதுக்கியது. பட்டு ஒரு சாக்குத் துணிமேல் கிடந்தது. துணியோடு சேர்த்து இழுத்துக் கூடைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஓடிப்போய் மறுபடியும் கம்பளிக்குள் புகுந்துகொண்டது.

செம்பி அலகால் முட்டைகளை ஒவ்வொன்றாக நடுவுக்கு உருட்டியது. ஓரத்தில் ஒரு வளையத்துக்கு இடம் விட்டது. சூடு முதலில் என் பிள்ளைகளுக்கு, மிச்சம்தான் உனக்கு என்று கண்டிப்பாகச் சொன்னது. பட்டு சரி என்றது. அங்குலம் அங்குலமாக நகர்ந்து, கூடை ஓரத்தைச் சுற்றிப் படுத்தது. செம்பி கண்ணை மூடிக்கொண்டு, அதன்மேல் உட்கார்ந்தது.

அடைக்கோழிக்கு அடிவயிற்றில் இறகு உதிர்ந்துவிடும். வெறும் தோல்தான் இருக்கும். முட்டைக்குச் சூடு நேராகப் போவதற்கு அப்படி ஓர் ஏற்பாடு. அந்த வெறும் தோலில் பாம்பின் உடம்பு பட்டது. செம்பியின் கொண்டை வரை ஒரு குளிர் ஏறியது. குதித்து ஓடிவிடலாம் போல இருந்தது. கால் நகங்களால் வைக்கோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

எண்ணெய் பாட்டில் கழுத்து வரை வெள்ளையாகிவிட்டது. நேரம் போகப் போக, செம்பிக்கு அடியில் இருந்த குளிர் குறைந்தது. குளிர் குறையக் குறையப் பயம் கூடியது. விறைத்துக் கிடந்த பாம்பைப் பார்த்து இரக்கப்படுவது சுலபம். இப்போது அது விழித்துக்கொண்டிருந்தது. தோலுக்கு அடியில் தசை நெளிவது தெரிந்தது. ஏதோ ஒன்று நூல் போல முட்டைகளைத் தடவியது. நாக்கு! செம்பி வெடுக்கென்று கழுத்தை வளைத்துக் கீழே பார்த்தது.

“என்ன பண்றே?”

“மோந்து பாக்குறேன்க்கா. எங்களுக்கு நாக்குதான் மூக்கு.”

செம்பி ஒவ்வொரு முட்டையாக மனதுக்குள் எண்ணியது. பதினொன்று. மறுபடியும் எண்ணியது.

சாயங்காலம் நெருங்கியபோது வேறொன்று நடந்தது. செம்பிக்கே நடுக்கம் கண்டது. இறகுகளை எத்தனை சிலிர்த்தாலும் நிற்கவில்லை. காலையிலிருந்து ஒரு மணி தானியம்கூடத் தின்னவில்லை, ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. முட்டைகளுக்கும் பாம்புக்கும் சூடு கொடுத்துக் கொடுத்து அதன் அடுப்பே அணைய ஆரம்பித்திருந்தது. அடியில் இருந்த முட்டைகளில் வெளி வரிசை லேசாக ஆறியிருந்தது.

கம்பளிக்குள்ளிருந்து கட்டையன் அதைக் கவனித்தது. “போய் தின்னுட்டு வாக்கா. வெறகு இல்லாம அடுப்பு எரியுமா?”

செம்பி தலையை ஆட்டி மறுத்தது. அது எழுந்தால் கூடையில் மிஞ்சுவது முட்டைகளும் பாம்பும்தான். கட்டையன் காவலுக்கு வரலாம் என்றால், அதன் வயிற்றில் ஒட்டிக் கிடந்த மரகதம் இன்னும் முழுசாகத் தேறவில்லை. எழுந்தால் பாம்பு. எழாவிட்டால் குளிர். போன மார்கழியின் ஒன்பது முட்டைகள் கண் முன்னால் வந்து நின்றன.

கூடைக்குள்ளிருந்து பட்டு பேசியது. “போயிட்டு வாங்கக்கா. நான் பாத்துக்கிறேன்.”

செம்பிக்கு அந்தச் சொல்தான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. ஆனாலும் வேறு வழி இல்லை. இறங்கியது. சமையலறை வாசலுக்குப் பறந்தும் ஓடியும் போனது. அங்கே ஓட்டைத் தட்டில் கம்பும் நொய்யும் இருந்தன. தொண்டையில் அடைக்க அடைக்க விழுங்கியது. தண்ணீர் பல்லில்லாத வாயையே கூசச் செய்தது. பாதித் தட்டு கூட முடியவில்லை. அப்போது பின்னறையிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது.

‘டக்.’

முட்டை ஓடு விரிசல் விடுகிற சத்தம்.

அதற்குப் பிறகு செம்பி எப்படி அறைக்கு வந்தது என்று அதற்கே தெரியாது. கூடையைப் பார்த்தது. ஒரு முட்டைகூடக் கண்ணில் படவில்லை. பட்டு கூடை ஓரத்தில் இல்லை. நடுவில், மேலும் மேலும் சுற்றிச் சுற்றி, ஒரு குவியலாக இருந்தது. உச்சியில் தலை. செம்பி வைத்த வளையத்தை விட்டு அது நகர்ந்துவிட்டிருந்தது.

செம்பி பாய்ந்தது. ஒரு கேள்வி கேட்கவில்லை. கழுத்தில் கொத்தியது, முதுகில் கொத்தியது, மறுபடியும் கழுத்திலேயே கொத்தியது. செதில் பெயர்ந்து ரத்தம் வந்தது. கட்டையன் வேண்டாம் வேண்டாம் என்று குரைத்தது செம்பியின் காதில் ஏறவில்லை.

பட்டு திருப்பிக் கடிக்கவில்லை. அதைச் சாது சுபாவம் என்று சொல்லலாம். ஆனால் அது ஓடவும் இல்லை. சுருளைத் தளர்த்தவும் இல்லை. கொத்துக்குக் கொத்து இன்னும் இறுகியது.

“கொத்துங்கக்கா. ஆனா என்னைய அசைக்காதீங்க. சுருளு பிரிஞ்சா குளிரு உள்ள போயிரும். உள்ள யாரோ கதவத் தட்டுறாங்க.”

செம்பியின் அலகு பாதி வழியில் நின்றது.

‘டக்.’ மறுபடியும் அந்தச் சத்தம். அதற்குப் பின்னால், ஓட்டுக்குள்ளிருந்து, ஊசி முனை போல ஒரு ‘கீச்’. அந்த மார்கழிக்கு முந்தைய அடைகளில் எத்தனையோ தடவை கேட்ட சத்தம்தான். குஞ்சு உள்ளிருந்து மூக்கால் ஓட்டை உடைக்கிற சத்தம். பயம் காதை அடைத்திருந்ததால் தாய்க்கே அது தெரியவில்லை.

பட்டு மெல்ல ஒரு சுற்றை மட்டும் தளர்த்திக் காட்டியது. உள்ளே பதினோரு முட்டைகள். செம்பி எப்படி அடுக்கி வைத்ததோ அப்படியே. அலகை வைத்துப் பார்த்தது. கடைசி வரிசை வரைக்கும் சூடு. ஒன்றின் உச்சியில் ஓடு நட்சத்திரம் போல விரிசல் விட்டிருந்தது.

பாம்புக்கு அடைகாக்கத் தெரியுமா என்று கட்டையன் வாயைப் பிளந்து கேட்டது. தெரியாது என்றது பட்டு. தன்னைப் பெற்ற தாயை அது பார்த்ததில்லை. கடையில் டப்பாவில் கண் விழித்த பிராணி. ஆனால் செம்பி எழுந்து போனதும் கூடைக்குள் காற்று புகுந்ததாம். முட்டைகளைத் தொட்டதும் உடம்பு தானாகவே சுற்றிக்கொண்டதாம். அதன் ஜாதியில் தாய்மார்கள் அப்படித்தான் முட்டைகளைச் சுற்றிக்கொண்டு, மாதக்கணக்கில் அன்னம் தண்ணீர் இல்லாமல் கிடப்பார்கள். அதை யாரும் அதற்குச் சொல்லித் தரவில்லை.

“என் சொந்தச் சூடு ஒண்ணுமில்லக்கா. எல்லாம் நீங்க குடுத்ததுதான். சிந்தாம வச்சிருந்தேன்” என்றது பட்டு.

செம்பிக்கு அழுகை வந்தது. கோழி அழுமா என்று கேட்காதீர்கள். அதன் அலகில் பட்டுவின் ரத்தம் இருந்தது. அதை வைக்கோலில் துடைத்தது. பிறகு கூடையில் ஏறி, முட்டைகளையும் பட்டுவையும் சேர்த்து இறகுக்குள் பொத்திக்கொண்டது. இந்தத் தடவை ஓரம், நடு என்று பிரிக்கவில்லை.

இருட்டுவதற்கு முன் சவரியம்மா வந்து சேர்ந்தார். விழுந்த மரத்தின் மேல் ஏறிக் குதித்து, நாலு மைல் நடந்து, சேலை முழுக்கச் சேறு. வரும்போதே வாய்விட்டு மரகதத்தையும் பட்டுவையும் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். அறை வாசலில் அப்படியே நின்றுவிட்டார். திறந்து கிடந்த கூண்டு. திறந்து கிடந்த பெட்டி. மூலையில் கம்பளிக்குள்ளிருந்து நாயின் தலையும் ஓணானின் தலையும் பக்கத்துப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்தன. கூடையில் கோழியின் இறக்கைக்கு அடியிலிருந்து ஒரு பாம்பு எட்டிப் பார்த்தது. அதன் தலைக்கு மேலே ஈரம் காயாத ஒரு குஞ்சு உட்கார்ந்திருந்தது.

பிறகு சத்தம் போடாமல் விறகடுப்பைப் பற்ற வைத்தார். வெந்நீரைப் பாட்டில்களில் ஊற்றி, துணியில் சுற்றி, ஒவ்வொருவர் பக்கத்திலும் வைத்தார். பாம்பின் கழுத்தில் இருந்த காயத்தைப் பார்த்து மஞ்சள் தடவினார். அது எப்படி வந்தது என்று அவருக்குத் தெரியாது.

கரண்ட் மூன்றாம் நாள்தான் வந்தது. பல்பு எரிந்தது. தேங்காய் எண்ணெய் பாட்டிலில் வெள்ளை இளகி இறங்கியது. பார்த்தாயா, என் சூரியன் வந்துவிட்டது என்று மரகதம் கிளையில் ஏறிப் படுத்துக்கொண்டது. சிலரை ஒன்றும் செய்ய முடியாது. ஆனாலும் அதற்குப் பிறகு அது தலையைக் கட்டையன் படுக்கிற பக்கமாகத்தான் வைத்துப் படுத்தது.

பதினோரு முட்டையில் பத்துப் பொரித்தன. குஞ்சுகளோடு செம்பி வெளிக் கூண்டுக்குப் போனது. பட்டு தன் கண்ணாடிப் பெட்டிக்குத் திரும்பியது. ஆனால் தினமும் ஒரு தடவை, முன்பு தீனிக்கு எழுகிற அதே நேரத்தில், செம்பி பின்னறைக்கு வந்து அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்றது. கோழிக்கு அங்கே என்ன வேலை என்று சவரியம்மாவுக்கு விளங்கவே இல்லை.

பட்டு இப்போது தலையை வெளியே வைத்துத்தான் படுத்தது. அதன் கழுத்தில் மூன்று செதில்கள் முளைக்கவே இல்லை.

“இன்னும் வலிக்குதா?” என்று செம்பி ஒரு நாள் கேட்டது.

“குளிர் நாள்ல மட்டும்க்கா” என்றது பட்டு.

உதவப் போகிறவர் தன் உடம்பை வைத்துப் பிறர் குளிரை அளக்கக் கூடாது. பயந்தவர் தன் பயத்தை வைத்துப் பிறர் மனதை அளக்கக் கூடாது.